ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும் என்று 1776லேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார், ஆனால் எங்கள் ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் வந்து பாருங்கள், கதை வேறு. தோல் கம்பெனிக் கழிவுத் தொட்டியில் பெரும்பாலும் இறங்குவது ஒப்பந்தக் கூலியாள். தோலில் முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு போட்ட தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே சாவார்கள். மேலே ஏசியில் கணக்கு எழுதுபவருக்குத்தான் சம்பளம் அதிகம்! சரி, ஏன்? பேரம் பேச இன்னொரு வேலை கையில் இருக்க வேண்டும், தொட்டியில் இறங்குபவருக்கு அது இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தபோது, அவர்கள் வேலைகூடச் செய்யவில்லை, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.