நூலகம் சின்ன விஷயமா?

கேள்வி: எங்கள் பள்ளி மாவட்டத்துக்குப் புதிய கண்காணிப்பாளர் வருகிறார். பிள்ளைகள் வகுப்பில் ஃபோனை நோண்டுவதும் ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதும் சகிக்கவில்லை. பக்கத்து ஹூஸ்டனில் மைக் மைல்ஸ் வந்த பிறகு வகுப்புகள் அமைதியாகிவிட்டன என்கிறார்கள். எங்களுக்கு வருகிறவரும் அதே கண்டிப்பைக் கொண்டுவருவார் என்று பெற்றோர் பலர் நம்பியிருக்கிறோம். அங்கே நூலகங்களை மூடியதைச் சிலர் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். அது சின்ன விஷயம். நம் ஊர் வளர்ப்பில் வந்த நீங்கள் கண்டிப்பின் பக்கம்தானே?
– ஒரு வாசகி, ஹூஸ்டன் புறநகர், டெக்சாஸ்

பதில்: கண்டிப்புக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. நூலகத்தை மூடியது சின்ன விஷயம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுவாக ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுப் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு போர்டைத் தேர்ந்தெடுப்பார்கள்; போர்டு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். நம் முதன்மைக் கல்வி அலுவலரைவிட அவருக்கு அதிகாரம் பல மடங்கு. டெக்சாஸிலேயே பெரிய மாவட்டம் ஹூஸ்டன். 2023இல் ஏறக்குறைய 1,90,000 மாணவர்கள். வீட்லி என்ற உயர்நிலைப் பள்ளி மாநில மதிப்பீட்டில் தொடர்ந்து தோற்றதைக் காரணம் காட்டி, அந்த ஆண்டு ஜூனில் மாநில அரசு மாவட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த போர்டின் இடத்தில் மாநிலம் நியமித்த ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். கண்காணிப்பாளராக வந்தார் மைக் மைல்ஸ். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், ராணுவத்தின் ரேஞ்சர் என்ற அதிரடிப் படையில் இருந்தவர், வெளியுறவுத் துறையிலும் வேலை பார்த்தவர், டாலஸில் 2012 முதல் 2015 வரை இதே பதவி வகித்தவர்.

முதலில் 28 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துத் தன் முறையை அங்கே புகுத்தினார். நூலகர் பதவிகள் போயின. நூலக அறைகளுக்கு டீம் சென்டர் என்று பெயர் வந்தது. வகுப்பில் தொந்தரவு செய்கிற பிள்ளையை அங்கே அனுப்புவார்கள். அவன் தன் வகுப்பையே ஸூமில் பார்த்துக்கொண்டிருப்பான். பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்ட பிள்ளைகளும் அதே இடத்துக்கு வந்து பயிற்சித் தாள் எழுதுவார்கள். ஆகவே அதைத் தண்டனை அறை என்று சொல்லக் கூடாது என்கிறது நிர்வாகம். சரி, சொல்லவில்லை. ஆனால் அடங்காத பையனும் கெட்டிக்காரப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்க, இருவர் கையிலும் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. அப்போது ஹூஸ்டன் மேயராக இருந்த சில்வெஸ்டர் டர்னரே இதை எதிர்த்துப் பேசினார்.

நூலகம் என்றால் அலமாரி என்று நினைக்கிற பழக்கம் நம்மிடமும் உண்டு. இந்தப் பக்கத்தில் நான் பலமுறை சண்டை போட்ட விஷயம் இது. தலைமை ஆசிரியர் அறையில் பீரோ, பீரோவுக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது, ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் திறப்பார்கள். இதற்குப் பெயர் பள்ளி நூலகம் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். 'புத்தகம் படிக்காத நான் ஏன் கட்ட வேண்டும்' என்று கேட்டு எழுதிய வாசகருக்கு அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: உங்கள் தெருவில் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது, அதற்காகக் கட்டுங்கள்.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொள்கிறேன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் படிக்கிற விதிகள். அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்த ஐந்தில் இரண்டாவது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். உங்கள் கேள்விக்கும் இந்த விதிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது அம்மா.

வகுப்பைக் கெடுக்கிற பையனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் இருப்பான், நாலாம் வகுப்புப் பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க வராது. எழுந்து வாசி என்றால் என்ன செய்வான்? நண்பர்கள் முன்னால் திக்கித் திணறுவதைவிட வாத்தியாரை எதிர்த்துப் பேசி வெளியே போவது அவனுக்கு மேல். எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இப்படி நாலு பேரைச் சொல்வார். அந்தப் பையனுக்கு அவன் தரத்துக்கு ஏற்ற, அவன் வயசுக்குக் கூச்சம் தராத ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பது ஒரு தொழில். அதைப் படித்துவிட்டு வந்தவர் நூலகர். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு அவருடைய அறையிலேயே அந்தப் பையனை உட்காரவைத்து, அவனுக்குப் புரியாமல் போன அதே பாடத்தைத் திரையில் காட்டுகிறார்கள். எனக்கு இது கோபத்தைத் தருகிறது.

இப்போது கண்டிப்புக்கு வருகிறேன். நான் கண்டிப்பின் பக்கம்தான். முப்பது பிள்ளைகள் படிக்க வந்திருக்கும்போது ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தினால், அவனை அன்றைக்கு வெளியே கூட்டிப் போகும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும். தலைமை ஆசிரியர் அவர் பின்னால் நிற்க வேண்டும். அது இல்லாமல் நல்ல ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். ஃபோனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். 2025இல் டெக்சாஸ் அரசு சட்டம் போட்டே பள்ளி நேரத்தில் அதைத் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து விலக்கிவைக்கும் அதிகாரத்தையும் கூட்டியிருக்கிறது. ஆக, புதிய கண்காணிப்பாளருக்கு அதிகாரம் குறைவில்லை.

கவலை அந்த அதிகாரத்தைப் பற்றித்தான். டெக்சாஸில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் ஆறு பேர் பள்ளி முடிப்பதற்குள் ஒருமுறையாவது இடைநீக்கமோ நீக்கமோ ஆகியிருந்தார்கள். சட்டம் கட்டாயமாக நீக்கச் சொல்கிற குற்றங்கள் அதில் வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளியின் விருப்பம். ஒரே மாதிரிப் பிள்ளைகள் படிக்கிற இரண்டு பள்ளிகளில் தண்டனை அளவு வெவ்வேறாக இருந்தது. கறுப்பின மாணவர்கள் மேல்தான் இந்தத் தண்டனை அதிகம் விழுந்தது. கண்டிப்பு என்று நாம் கேட்பது இதையா?

'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று நம் அப்பாக்கள் வாத்தியாரிடம் பிள்ளையை விட்டுப் போன காலத்தை ஏக்கத்தோடு எழுதுகிற வாசகர்கள் எனக்கு உண்டு. நீங்கள் சொல்லும் நம் ஊர் வளர்ப்பு அதுதான் என்றால், எனக்கு அந்த ஏக்கம் இல்லை. முட்டி போட்டு நின்ற பிள்ளைகளில் படித்து வந்தவர்கள்தான் இன்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பயந்து பள்ளியை விட்டு ஓடியவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில்லை. இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியைத் தடை செய்துவிட்டது. உங்கள் டெக்சாஸில் மாவட்டம் அனுமதித்தால் இன்னும் அடிக்கலாம், தெரியுமா? வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் விதி என்ன என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

மைல்ஸுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மாநில மதிப்பீட்டில் ஹூஸ்டனில் ஒரு பள்ளியும் எஃப், அதாவது தோல்வி கிரேடு, வாங்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஏறி வந்திருந்தால் அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஊர் மக்கள் 2024 நவம்பரில் பள்ளிகளுக்கான 440 கோடி டாலர் கடன் திட்டத்தை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். பள்ளிக்குப் பணமே தர மாட்டோம் என்று பெற்றோர் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை போயிருக்கிறது.

ஆகவே உங்கள் புதிய கண்காணிப்பாளரிடம் கண்டிப்பைக் கேளுங்கள், கூடவே கணக்கும் கேளுங்கள். போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் தருவார்கள். நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போங்கள். வெளியே அனுப்பப்படும் பிள்ளையோடு எந்தப் பெரியவர் உட்கார்ந்திருப்பார்? அவன் எத்தனை நாளில் வகுப்புக்குத் திரும்புவான்? எந்தப் பள்ளியில், எந்தப் பிள்ளைகள், எதற்காக அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியலை மாதாமாதம் வெளியிடுவீர்களா? எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளுக்கு முழுநேர நூலகர் இருக்கிறார், அடுத்த ஆண்டும் இருப்பாரா? என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.