வாடகை, போக்கியம், குடிமனை: கும்பகோணம் பத்திர எழுத்தர் பதில்கள்

துணிக்கடையில் வேலை, சம்பளம் 9,000. கும்பகோணத்தில் ஓர் அறைக்கு 4,000 கேட்கிறார்கள். பாபநாசம் தாண்டி ஒரு கிராமத்தில் 1,500-க்கு வீடு இருக்கிறது. போய்விடலாமா அண்ணா?

அவசரப்படாதம்மா. முதலில் அந்த ஊருக்கு டவுன் பஸ் வருகிறதா என்று பார். 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். புறநகர் பஸ் என்றால் தினமும் காசு. அடுத்து, கடை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தீபாவளி சமயத்தில் துணி மடித்து அடுக்கிவிட்டுக் கிளம்பவே பதினொன்று ஆகும். அப்போது ஆட்டோவுக்குக் கொடுப்பதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

கரண்ட் விஷயத்தையும் கேள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் நாலு குடித்தனம் வைத்து, சப்மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிற வீட்டுக்காரர்கள் உண்டு. இத்தனையும் போக ஆயிரமாவது மிஞ்சினால் போ.

மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியேறும் போக்கியம், இரண்டு லட்சம். வீட்டுக்காரர் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருகிறாராம். போதுமா?

போதாது. பதிவு செய்யுங்கள். அதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு ஏற்கெனவே பேங்க் அடமானத்தில் இருந்தால், நீங்கள் கொடுத்த பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

கோயில் மனையில் உள்ள வீடு விலை குறைவாக வருகிறது.

மனை கோயிலுடையது, நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும்தான். அடிமனை வாடகை பாக்கி எவ்வளவு, ரசீது உங்கள் பேருக்கு மாறுமா என்று கோயில் செயல் அலுவலரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

போக்கியத்துக்கு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினால்...

மேலே படியுங்கள்.

வாய்க்கால் கரையில் குடிசை போட்டு அடைத்ததால்தான் ஊர் மூழ்குகிறது. முன்பு ஒரு பதிலில் அவர்களுக்கு ஏன் வக்காலத்து வாங்கினீர்கள்? (ஓய்வுபெற்ற பொறியாளர், மயிலாடுதுறை)

சார், அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று பாருங்கள். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது 1971 குடியிருப்புச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அன்று ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று மகன்களும் பேரன்களும் இருக்கிறார்கள். மனை அதே மனைதான். பக்கத்து வயலை பிளாட் போட்டு விற்கிறார்கள், கூலிக்காரன் வாங்குகிற விலையா அது? மிச்சம் இருப்பது கரை. பிளாட் போட்டவர் தூர்த்த வயல் வாய்க்காலையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆக்கிரமிப்பு சரி என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை சார். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. ‘வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்பவன் ஏமாற்றுகிறான். அகற்றுங்கள், ஆனால் மாற்று இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி. பஸ் போகாத திடலில் மனை கொடுத்தால், விடியற்காலை நடவுக்குப் போகிறவள் எப்படிப் போவாள்? அந்த மனையை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி கரைக்கே வருவாள்.

சார், எங்கள் ஊர் நிலம் தரிசுதானே, பத்துப் பேர் சேர்ந்து அங்கே மனை கேட்டால்...

போதும். இது மனுப் போடுகிற இடமில்லை, தாசில்தாரிடம் போங்கள்.

சிமெண்ட் இப்போது என்ன விலை?

கடையில் கேளுங்கள்.

போக்கியம் மூன்று லட்சம், தெரிந்தவர்தான், பதிவு அவசியமா?

தெரிந்தவர் என்றால் பதிவாபீசுக்கு வருவதில் அவருக்கு என்ன சிரமம்?