நீலத் தலையும் கறுப்பு டையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். நாங்கள் ஈரோடு பக்கம். என் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி முதல் வருடம் படிக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவள் தலையில், காதுக்குக் கீழே எல்லாம் நல்ல மயில் நீலம். தோழிகள் சேர்ந்து ரூமிலேயே போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து அவங்க அப்பா அவளிடம் பேசுவதில்லை, என்னிடம்தான் "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்கிறார். என் மாமியார் "இப்படி இருந்தா யாரு கட்டிக்குவாங்க" என்று தொடங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நீலம் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. தலையணை, துண்டு, பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் நீலம். ஆவணியில் என் அண்ணன் மகன் கல்யாணம், அதற்குள் கறுப்பு டை அடித்து மறைத்துவிட வேண்டும் என்று அவங்க அப்பா பாக்கெட்டே வாங்கி வந்துவிட்டார். அவள் மாட்டேன் என்கிறாள். இந்தக் கலரெல்லாம் உடம்புக்குக் கெடுதியா? கேன்சர் வரும் என்கிறார்களே? கறுப்பு அடித்தால் பழையபடி ஆகிவிடுமா?

ஒரு வாசகி


அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் கறுப்பு டை பாக்கெட்டை உங்கள் வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மகள் தலையில் போட வேண்டாம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறவராகத்தான் இருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் சாயம் படாத தலையே கிடையாது. தாத்தா நரைத்த தலைக்கு வெறும் மருதாணி மட்டும் போடுவார், வெள்ளை முடியில் அது எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், கடைசிவரை ஆரஞ்சுத் தலையோடுதான் பஞ்சாயத்துக்கு எல்லாம் போய் வந்தார், ஒருவரும் சிரித்ததில்லை. அம்மா கொஞ்சம் விவரம், முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரிப் பொடி. ஜவுளிக்கு நீலம் எடுக்கிற அதே அவுரிதான், திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான் கணக்கு. ஆக எங்கள் அம்மா தலையிலும் நீலம்தான். பெரியப்பா கடை டை. அக்கா மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊதா அடித்துக்கொண்டு வந்தபோது மட்டும் வீட்டில் கூட்டம் கூடியது. முதல் குரல் பெரியப்பாவுடையது, அவர் காதோரம் அன்றைய டை இன்னும் காயக்கூட இல்லை!

நரையை மறைத்தால் ஒழுக்கம், மறைக்காமல் காட்டினால் திமிர் என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மீது கோபப்பட்டு இதை எழுதவில்லை, அவருக்கு நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஆனால் உடம்புக்குக் கெடுதியா என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கே விஷயம் தலைகீழாக இருக்கிறது.

நிரந்தரக் கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிற பாராஃபினைலின்டையமின் இருக்கும். அதைப் பெராக்சைடு என்கிற ரசாயனத்தோடு கலக்கும்போது முடிக்குள்ளே போய்க் கறுக்கிறது. அலர்ஜி கொடுப்பதில் இது பேர்போனது. அமெரிக்கத் தோல் அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2006இல் இதை 'அந்த வருடத்தின் அலர்ஜிப் பொருள்' என்றே அறிவித்தது. ஐரோப்பாவில் தலையில் படும்போது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். இதில் மோசமான சங்கதி என்னவென்றால், பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று காட்டும். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது, வழக்கமாகப் போடுகிற அதே டைதான், மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை, முகமே வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாக்கெட்டுக்குள் இருக்கும் தாளில், 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி தடவிப் பாருங்கள் என்று போட்டிருக்கும், அதைப் படித்த ஒரு ஆணை நான் இதுவரை பார்த்ததில்லை.

(கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. அரை மணி நேரத்தில் கறுத்துவிடும் என்று சொல்லி விற்கிற மெஹந்தி கோனிலும் இந்தப் பிபிடியைக் கலக்கிறார்கள். மருதாணி செக்கச்செவேல் என்று பிடிக்கும், கறுப்பாகப் பிடிக்காது. கையில் ஒரு முறை கொப்புளம் வந்தவர்கள் அப்புறம் வாழ்நாள் முழுக்க கறுப்பு டை பக்கம் போகக் கூடாது. மண்டபத்துக்கு வருகிற மெஹந்திக்காரர்களிடம் கோனில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.)

உங்கள் மகள் போட்ட நீலம் வேறு ஜாதி. இந்த மாதிரிக் கலர்களில் பெரும்பாலும் பெராக்சைடும் இல்லை, பிபிடியும் இல்லை, முடியின் மேல் ஒட்டிக்கொள்கிற சாயம், ஒவ்வொரு முறை தலைக்குக் குளிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். உங்கள் டைல்ஸில் இருப்பது அதுதான். 1977இல் நியூயார்க்கில் இரண்டு சகோதரிகள் திறந்த மேனிக் பேனிக் கடைதான் அங்கே இதைப் பெரிதாகப் பரப்பியது என்பார்கள், அப்போது பங்க் பாட்டுக்காரர்களின் காலம். இதிலும் சிலருக்கு அரிப்பு வரலாம், சோதித்துப் பார்ப்பது நல்லது, ஆனால் கறுப்பு டை அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

முடியை நாராக்கியது ப்ளீச். நம்முடைய கறுப்பு முடியில் நீலத்தை நேராகப் பூசினால் வெயிலில் லேசாகத் தெரிந்தால் உண்டு. அதனால் முதலில் முடிக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற மெலனினைப் பெராக்சைடு வைத்து அழிக்க வேண்டும். கறுப்பு போய்ச் சிவப்பு, சிவப்பு போய் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், அந்த மஞ்சள் வந்த பிறகுதான் நீலம் ஏறும். ப்ளீச்சோடு கலக்கிற டெவலப்பர் திரவத்தில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. ஹாஸ்டல் பிள்ளைகள் சீக்கிரம் முடியட்டும் என்று 40 வாங்கியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தலைத்தோலில் எரிச்சலோ புண்ணோ இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வேர் பத்திரமாக இருந்தால் மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் புது முடி வந்துகொண்டே இருக்கும், அது கறுப்பாகவேதான் வரும். கெட்டுப்போன முடியை எந்த எண்ணெயும் பழையபடி ஆக்காது, கண்டிஷனர் போட்டால் சிக்கில்லாமல் சீவலாம், அவ்வளவே.

கேன்சர் பற்றி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் பார்த்திருக்கிறது. வீட்டில் தனக்காக டை போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி இப்படியென்றோ அப்படியென்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று வைத்திருக்கிறார்கள். தினமும் பத்து தலைக்கு டை அடிக்கிற சலூன், பார்லர் தொழிலாளிகளுக்குத்தான் வேலையால் வாய்ப்பு இருக்கலாம் என்று ஒரு படி மேலே வைத்திருக்கிறார்கள். நாம் அவர்களைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, கறுப்பு அடித்தால் பழையபடி ஆகுமா? ஆகாது. ப்ளீச் ஆன முடியில் சிவப்பும் ஆரஞ்சும் போய்விட்டன, அதன் மேல் கறுப்போ பிரவுனோ போட்டால் சில வாரத்தில் வெளுத்துச் சாம்பலும் பச்சையுமாக நிற்கும். நல்ல பார்லரில் முதலில் செம்பழுப்பு ஏற்றிவிட்டு, அதற்கு மேல்தான் கரும்பழுப்பு போடுவார்கள். அதற்குச் செலவும் ஆகும், நொந்த முடிக்கு இன்னொரு அடியும் விழும். அவள் மறுபடி கலர் வேண்டும் என்று அந்தக் கறுப்பை எடுக்கப் போனால் அது இன்னும் பாடு. அம்மாக்களுக்கு இன்னொன்று, 'மருதாணியாவது போட்டு விடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். நீலத்தின் மேல் ஆரஞ்சு சேர்ந்து ஒரு சேற்று நிறம் வரும். கடையில் ஹென்னா என்று விற்கிற சில பொடிகளில் உலோக உப்பும் கலந்திருக்கும், பின்னால் யாராவது அதன் மேல் ப்ளீச் போட்டால் முடி சூடேறிப் பொசுங்கிவிடும். சும்மா விட்டால் நீலம் தானாகவே வெளுக்கும், அடியில் மஞ்சள் இருப்பதால் வழியில் கொஞ்ச நாள் கிளிப்பச்சையாக நிற்கும், அதற்கும் வீட்டைத் தயார்ப்படுத்தி வையுங்கள்.

அப்பா பேசாமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜப்பானில் ஒசாகா பக்கம் ஒரு மாணவி, தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்றும், பள்ளி திரும்பத் திரும்பக் கறுப்பு டை போடச் சொன்னதில் தலையெல்லாம் தடித்துப்போனது என்றும் 2017இல் வழக்குப் போட்டாள். 2021இல் தீர்ப்பு வந்தது. டை கூடாது என்ற பள்ளி விதியில் தவறில்லை, கறுப்பு போடச் சொன்னதும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் அடுத்ததைக் கேளுங்கள். அவள் பள்ளிக்கு வராமல் இருந்தபோது வகுப்பிலிருந்து அவள் மேசையை எடுத்ததும் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியதும் சட்டவிரோதம் என்று 3,30,000 யென் கொடுக்கச் சொன்னது. அவ்வளவு கறாரான விதியை ஏற்றுக்கொண்ட நீதிமன்றத்துக்கே அது பொறுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் நீலம் பிடிக்கவில்லை என்று தாராளமாக அவளிடமே சொல்லலாம், சத்தம் போட்டுக்கூடச் சொல்லலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்கள் வழியாகத் தூது விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், நீங்களும் தூது போகாதீர்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் 1856இல் லீவுக்கு வீட்டில் இருந்தபோது மலேரியா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான், அதிலிருந்துதான் செயற்கைச் சாயங்களே தொடங்கின என்றெல்லாம் சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை. அவருக்கு நேரம்தான் மருந்து. எங்கள் அக்கா மகன் விஷயத்தில், அடுத்த பொங்கலுக்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெரியப்பா மட்டும் 'இப்ப என்ன கலர்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு இறுக்கிப் பின்னி நிறைய மல்லிகை வைத்துவிடுங்கள். நீலப் பின்னலில் வெள்ளைப் பூ எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும், அவளிடமே கேளுங்கள். வியர்வையில் சாயம் இறங்கும், அதனால் வெளிர் நிற ரவிக்கை வேண்டாம். நாலு பேர் கேட்பார்கள், அவளே பதில் சொல்லிக்கொள்வாள், நீங்கள் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

தலையணைக்குப் பழைய கறுப்பு உறை, துண்டு அவளுக்கென்று தனியாக. டைல்ஸில் இருப்பது ப்ளீச்சிங் பவுடரில் போய்விடும், ஆனால் ஆசிட்டோ டாய்லெட் கழுவுகிற திரவமோ அதோடு சேரக் கூடாது, விஷ வாயு வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை கொடுத்து, அவளையே தேய்க்கச் சொல்லுங்கள்.