கடைப் பார்சலை விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறினால் எடை குறையுமா?

ஹட்டன் டவுனில் வேலை, மத்தியானம் பார்சல், இரவில் நூடில்ஸ் பெக்கட். வீட்டில் சமைத்தால் மெலியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெலியலாம், ஆனால் சமைக்கும் விதத்தைப் பொறுத்தது.

2019இல் அமெரிக்காவில் 20 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவை விரும்பிய அளவு சாப்பிட்டபோது அதிகம் பதப்படுத்தாத உணவைச் சாப்பிட்டபோது போனதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் எடையும் ஏறியது. அவ்வகை உணவை வேகமாகச் சாப்பிட்டதும் தெரிந்தது. பெக்கட்டில் கலோரியாவது அச்சிட்டிருக்கும். கொத்து ரொட்டியில் எவ்வளவு எண்ணெய் என்று யார் சொல்வது?

வீட்டிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிதான். தேங்காய்ப்பூ போட்ட கோதுமை மாவு ரொட்டி நான்கு, மூன்று கரண்டி சீனியோடு தேத்தண்ணி நாளுக்கு ஐந்து தரம் என்றால் எடை அசையாது. முதலில் சீனியைக் குறையுங்கள், அதுதான் சுலபம். அப்புறம் சோற்றைப் பாதியாக்கி, நம் மலையில் விளையும் போஞ்சி, கோவா, லீக்ஸ், அதோடு பருப்போ முட்டையோ சேருங்கள். நேரமில்லாத நாளில் பார்சல் வாங்கினாலும் சரி, சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டிக் கேளுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவரானால் இதைத் தொடங்குமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.