தெரியாத பிராண்டு டிராக்டரா? விலை பேசும் முன் ஆயில் சீல் ஒன்றை விலைக்குக் கேளுங்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் 8 ஏக்கர் நெல். வாடகைக்கும் ஓட்டுகிறேன். 16 வருடம் ஓடிய 39 எச்.பி. வண்டியைக் கொடுத்துவிட்டு 45 எச்.பி. எடுக்க நினைக்கிறேன். எங்கள் பக்கம் அதிகம் ஓடாத ஒரு வடநாட்டுக் கம்பெனி வண்டி, பழகிய பிராண்டைவிட 90 ஆயிரம் ரூபாய் குறைவு என்கிறார்கள். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார் புரோக்கர். தைரியமாக வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். பெயர் புதிது என்பதற்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறந்து, ஊரே தொழி (நடவுக்கு முந்தைய சேற்று உழவு) ஓட்டும் வாரத்தில் உங்கள் வண்டி நின்றுபோனால், எத்தனை நாளில் திரும்ப ஓடும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசுங்கள்.

முதலில் அந்த 90 ஆயிரத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 6,25,000 ரூபாய் உள்ள வண்டி அப்போது 7,00,000, இப்போது 6,56,250. வித்தியாசம் 43,750. இது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் கிடைக்கும் குறைப்பு. பழகிய பிராண்டின் பழைய விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து இதையும் ‘எங்கள் தள்ளுபடி’ என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கம்பெனியிலும் இன்றைய தேதி போட்ட கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, வரிக்கு முந்தைய விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

டெல்டாவில் வண்டியைத் தின்பது சேறு. பின் ஆக்ஸிலில் எண்ணெய் கசியாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ஆயில் சீல் ஒன்று தேய்ந்தால் போதும், தொழித் தண்ணீர் உள்ளே போய்விடும். பல மாடல்களில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். தண்ணீர் கலந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்கும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்து போகும். அந்தச் சீல் சில நூறு ரூபாய்ச் சாமான். அது கிடைக்காமல் ஒரு வாரம் வண்டி நின்றால், உங்கள் வாடகை வருமானத்தில் குறுவை மொத்தமும் போச்சு.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டருக்குப் போங்கள். ‘எல்லாம் கிடைக்குமா’ என்று கேட்காதீர்கள், ‘கிடைக்கும்’ என்றுதான் பதில் வரும். உங்களுக்குக் காட்டிய மாடலுக்குப் பின் ஆக்ஸில் ஆயில் சீல், முன் சக்கர ஹப் பேரிங், டீசல் ஃபில்டர் மூன்றையும் பணம் கொடுத்து, பில் போட்டு வாங்குங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஹைட்ராலிக் பம்ப், டை ராட் ஆகியவற்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘நாளைக்கு வந்துவிடும்’ என்ற பதில் இரண்டு தடவை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே மாடல் ஒரு போகமாவது தொழி ஓட்டியிருக்கும் ஊர் எது என்றும் டீலரிடமே கேளுங்கள். அங்கே போய் கியர்பாக்ஸ் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் சீல் சேற்றுக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: பல மாடல்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கசியும் எண்ணெய் வெளியேற, காய்ந்த நிலத்தில் அது திறந்திருக்க வேண்டும். சேற்றில் இறங்கும் முன் பிளக் போட்டு அடைத்து, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். அந்தப் பிளக் எங்கே என்று ஷோரூம் ஆளிடம் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், அந்தக் கடை சேற்றுக்கு வண்டி விற்றுப் பழகியதில்லை.

உள்ளூர் மெக்கானிக் கைவைக்க முடியுமா என்பது அடுத்தது. வண்டியின் பெயர் புதிதாக இருந்தாலும் டீசல் பம்ப் பாஷ், ஸ்டார்ட்டர் லூகாஸ் டிவிஎஸ் என்று உள்ளே பழக்கமான சாமான்கள் இருக்கலாம். அவற்றுக்குத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வழி பிறக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு என்றால் டீலரை விட்டால் வேறு கதியில்லை.

‘வாங்கலாம்’ என்றேனே, அதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் 45 எச்.பி.யைக் காட்டி, ‘இன்னும் கொஞ்சம் போட்டால் 55 எச்.பி.யே எடுக்கலாம்’ என்று இழுப்பார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்ற புகை விதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டிகளில் பெரும்பாலும் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும். ஒரு சென்சார் ஒயரை எலி கடித்தால்கூட வண்டி இழுக்காமல் நிற்கும். என்ன கோளாறு என்று பார்க்கக் கம்பெனியின் லேப்டாப் வேண்டும். தெரியாத பிராண்டுக்கு அந்த லேப்டாப் எந்த ஊரில் இருக்கிறது? திருச்சியில் என்றால், அந்த ஆள் கிளம்பி வருவதற்குள் வயலில் தண்ணீர் வற்றிவிடும். பானட்டைத் திறந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பம்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாகப் பைப் போனால் பழைய மெக்கானிக்கல் முறை. எல்லாப் பைப்பும் ஒரு தடித்த பொதுக் குழாயில் சேர்ந்து, இன்ஜெக்டர் தலையில் ஒயர் சொருகியிருந்தால் எலக்ட்ரானிக். அப்படிப்பட்ட வண்டியைத் தெரியாத பிராண்டில் எடுக்காதீர்கள். லேப்டாப்பும் அதை இயக்கத் தெரிந்தவரும் உங்கள் டீலர் கடையிலேயே இருந்து, உங்கள் கண் முன்னால் அந்த வண்டியில் சொருகிக் காட்டினால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

நோட்டீசில் போடும் எச்.பி. இன்ஜினுக்கானது. பின்னால் ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான் வரும். 45 என்றால் 38 சொச்சம். எடை தூக்கும் அளவும் அப்படித்தான். கருவியை மாட்டும் கீழ்க் கையான லோயர் லிங்க்கின் முனையில் அளந்ததைப் பெரிதாகப் போடுவார்கள், ரோட்டவேட்டரின் பாரமோ அதற்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசுப் பரிசோதனை நிலையம் இவற்றை முறையாக அளந்து அறிக்கை தருகிறது. ஆனால் அது பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கிறது. பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் எடை மூன்றையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து ஷோரூம் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட என்ன தடை? பல லட்ச ரூபாய்க்குக் கடன் வாங்கி நிற்பவர் படிக்க முடியாத அறிக்கை யாருக்காக? டீலரிடம் அறிக்கையைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து இந்த மூன்று எண்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் வயலில், உங்கள் ரோட்டவேட்டரை மாட்டி, ஓர் ஏக்கர் தொழி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டேங்கை வாய்வரை நிரப்பித் தொடங்கி, முடிந்ததும் அளவுக் கேனால் மறுபடி நிரப்பினால் டீசல் செலவு தெரிந்துவிடும்.

இனி புரோக்கர். பேனர் ஒரு கடையில் இருக்கும், பில் வேறு ஊர் டீலர் பெயரில் வரும். பில் போடுபவர்தான் வாரன்டிக்குப் பொறுப்பு; அவர் ஊர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். ‘2324’ என்றால் 2024-இன் 23-வது வாரம். வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் வெயிலில் கிடந்த பழைய ஸ்டாக்கா என்பது தெரிந்துவிடும். ‘மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று கையில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறைக்கு நீங்களே போடுவது. அனுமதி வரும் முன் வண்டியை எடுத்துவிட்டால் மானியமும் இல்லை. அனுமதி வருவதற்குள் பருவம் போய்விடுகிறது என்பது நியாயமான குறை. புரோக்கர்கள் பிழைப்பதே அந்தத் தாமதத்தில்தான்.

‘10 சதவீத வட்டி’ என்றால் ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் பாக்கிக்கு மட்டுமா என்று கேளுங்கள். 6 லட்சத்துக்கு 5 வருடம் ஃபிளாட் 10 சதவீதம் என்றால் மாதம் 15,000 தவணை. பாக்கிக்குக் கணக்கிட்டால் அது 17 சதவீதத்துக்கு மேல்.

எக்ஸ்சேஞ்ச்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய குழி. பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே கிடக்கும். அந்த வண்டி விபத்தில் சிக்கினால், பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரும் தேதியும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும்வரை புது வண்டிக்குத் தர வேண்டிய பணத்தில் ஒரு பங்கை நீங்கள் பிடித்து வைக்க டீலர் சம்மதிக்காவிட்டால், பழைய வண்டியைத் தனியாக விற்றுக்கொள்ளுங்கள்.

மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்குகிறது என்று அவசரப்படுத்தினால் அசையாதீர்கள். பழைய வண்டிக்குக் கிளட்ச் பிளேட்டும் சீல்களும் மாற்றிக் குறுவையை ஓட்டிவிடுங்கள். ஸ்பேர்ஸ் கவுன்டருக்குக் குறுவை நடுவில் ஒரு நாள் போய் அதே மூன்று சாமான்களைக் கேளுங்கள். அப்போதும் உடனே எடுத்துக் கொடுத்தார்கள் என்றால் சம்பா முடிந்ததும் அந்த வண்டியையே எடுக்கலாம்.