பல் எண்களும் யூனிகோடும்: கேள்வி பதில்

கேள்வி (பல் மருத்துவ மாணவி, மதுரை): எந்தப் பல் என்பதை எண்ணும் மூலைக் கோடும் போட்டுக் குறிக்கும் பால்மர் முறையில் வரும் அந்தக் கோடுகளைத் தட்டச்சு செய்ய முடியுமா, படமாகத்தான் ஒட்டணுமா?

பதில்: தட்டச்சே செய்யலாம். எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுக்கும் தரம் யூனிகோடு. 2002இல் வந்த அதன் 3.2 பதிப்பில் பல் மருத்துவத்துக்கென்றே 15 குறிகள் சேர்ந்தன. பதின்ம எண்ணில் 9150 முதல் 9164 வரை. ஜப்பானின் ஜிஸ் எக்ஸ் 0213 தரத்திலிருந்து வந்தவை. வட்டம், முக்கோணம், அலை சேர்ந்தவையும் அதில் உண்டு. நமக்கு வேண்டியவை நான்கு மூலைகள்தான். மேல் வலது ⏌ (9164), மேல் இடது ⎿ (9151), கீழ் வலது ⏋ (9163), கீழ் இடது ⎾ (9150).

நிமிர்ந்த கோடு முகத்தின் நடுக்கோடு, படுத்த கோடு இரு தாடைகளுக்கும் இடையில் போவது. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலது நமக்கு இடது. பல்லை நடுக்கோட்டிலிருந்து எண்ணணும். ஆறாவதாக வரும் மேல் வலது முதல் கடைவாய்ப் பல் 6⏌, மேல் இடதில் அதே பல் ⎿6. எண் எப்போதும் மூலைக்கு உள்ளே நிற்கணும்.

கேள்வி (மென்பொருள் எழுதுபவர், கோவை): அட்டவணைக் கோடான ┘ பார்க்க அப்படியே இருக்கிறது, எல்லா ஃபான்ட்டிலும் கிடைக்கிறது. அதையே போட்டால் என்ன?

பதில்: கண்ணுக்குத்தான் ஒன்று. ஒருவர் ⏌ போடுவார், இன்னொருவர் ┘ போடுவார், மூன்றாமவர் கணிதக் குறியான ⌋ போடுவார். கணினிக்கு மூன்றும் வேறு. ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு நார்மலைசேஷன் செய்தாலும் ஒன்றாகாது, தேடினால் பாதி கேஸ் ஷீட் வராது.

இதில் ⌋ ஆபத்தானது. அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக ஓடும் வரியில் அது கண்ணாடி பிம்பமாகத் திரும்பும், எண்ணும் இடம் மாறும். 6⌋ என்று எழுதியது ⌊6 என்று தெரியும்: மேல் வலது, மேல் இடது ஆகிவிடும். ⏌ அப்படித் திரும்பாது. எண் மூலைக்கு வெளியே போய் நிற்கும், தப்பு என்று உடனே தெரிந்துவிடும். வளைகுடா கிளினிக்குகளில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

கேள்வி: என் போனில் வெறும் கட்டமாகத் தெரிகிறதே?

பதில்: குறி சரி, ஃபான்ட் இல்லை. பிடிஎஃப் அனுப்பும்போது ஃபான்ட்டை உள்ளே பதித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கீபோர்டில் எந்த விசை?

பதில்: தனி விசை கிடையாது. இணையப் பக்கமென்றால் ⏌ என்று எழுதலாம்.

கேள்வி: கீபோர்டில் எப்படி அடிப்பது?

பதில்: மேலே சொல்லியாச்சு.

கேள்வி: 🦷 போட்டால் போதாதா?

பதில்: போதாது. எந்தப் பல் என்று அது சொல்லாது.

கேள்வி (பல் மருத்துவர், திருச்சி): உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் (எஃப்டிஐ) இரண்டு இலக்க எண், அதாவது ஐஎஸ்ஓ 3950 தரம், இருக்கிறது; முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது எந்தப் பல் என்று சொல்லிவிடும். அப்படியிருக்க 1861இல் சிக்மோண்டி என்ற பல் மருத்துவர் போட்ட மூலைக் கோட்டை ஏன் இன்னும் இழுக்கணும்? ஒழித்துவிடலாமே.

இடையில் இன்னொருவர் (பல் சீரமைப்பு மருத்துவர், சென்னை): ஒழிக்கக் கூடாது சார். வலது 4, இடது 4 இரண்டையும் எடுக்கணும் என்றால் 4⏌⎿4 என்று பார்த்தவுடன் சமச்சீர் தெரிகிறது. 14, 24 என்றால் மனசுக்குள் மொழிபெயர்க்கணும்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் நியாயம், ஆனால் இடம் வேறு. தரவுத்தளத்தில் எஃப்டிஐ எண்ணைச் சேமியுங்கள், திரையில் மென்பொருளே மூலைக் குறியாக வரையட்டும். மூலைக் குறியையே சேமித்தால் மேலே சொன்ன மூன்று குறிச் சிக்கல் ஆயுசுக்கும் தொடரும்.

திருச்சி மருத்துவர்: அப்போ எண் மட்டும் பாதுகாப்பா?

பதில்: எந்த முறை என்று கூடவே எழுதினால்தான். எஃப்டிஐயில் 16 மேல் வலது முதல் கடைவாய்ப் பல். பற்களை 1 முதல் 32 வரை தொடர்ந்து எண்ணும் அமெரிக்க யுனிவர்சல் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். அமெரிக்காவிலிருந்து வந்த ரிப்போர்ட்டை எஃப்டிஐ என்று நினைத்துப் படித்தால் வேறு பக்கத்துப் பல் போய்விடும். வாயால் சொல்லும்போதும் 'பதினாறு' வேண்டாம், 'ஒன்று ஆறு' என்று சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலி, என்ன மாத்திரை?

பதில்: இங்கே வேண்டாம், இன்றைக்கே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பால் பற்களுக்கு?

பதில்: எஃப்டிஐயில் மேல் வலது 51–55, மேல் இடது 61–65, கீழ் இடது 71–75, கீழ் வலது 81–85. பால்மரில் அதே மூலைக்குள் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்து, ஏ முதல் இ வரை.