சொந்தமாக ஸ்வெட்டர் டிசைன் செய்ய ஆரம்பித்த பிறகும் மற்றவர்களின் பேட்டர்னைப் பின்னிக்கொண்டிருப்பது நேர விரயமா?

விரயமே இல்லை. உங்கள் டிசைன் நோட்டுப் பாதியில் நிற்கிறது, கை மட்டும் யாரோ எழுதிய பேட்டர்னை, அதாவது பின்னும் செய்முறைக் குறிப்பைத் தேடிப் போகிறது, அதனால் மனசு உறுத்துகிறது. கேள்வியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நான் குன்னூர்க்காரி. (திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. ஊசியும் உல்லன் நூலும் வைத்துக் கையால் பின்னுவதைச் சொல்கிறேன்.) எங்கள் சொந்தத்தில் ஃபேஷன் டிசைன் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் பின்னிய ஸ்வெட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க டிசைனா அத்தை?" என்று கேட்டாள். "இல்லம்மா, பேட்டர்ன் காசு கொடுத்து வாங்கிப் போட்டது" என்றேன். "அப்ப காப்பிதானே" என்று மடித்து வைத்துவிட்டாள். அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

அவள் மடித்து வைத்தது ஐஸ்லாந்து பாணி ஸ்வெட்டர். தோளைச் சுற்றி வளையமாகப் பூவேலை வரும். அதைப் பின்னும்போதுதான் பின்கழுத்தில் ஏன் அரைச் சுற்று போய்த் திரும்பி, மறுபடி அரைச் சுற்று பின்னச் சொல்கிறார்கள் என்று கைக்கு விளங்கியது. அப்படிப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் முன்கழுத்து தொண்டையில் இடிக்காது. நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அது தோன்றியே இருக்காது.

அதற்குப் பிறகு நான் சொந்தமாகப் போட்டது குறிஞ்சிப்பூ ஸ்வெட்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சரிவில் பூக்கும் அதே நீலம் கலந்த ஊதா. 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி). உடம்புக்கு 180 கண்ணி, அதாவது 100 செ.மீ. சுற்றளவு. கைகளையும் சேர்த்த பிறகு தோள் வளையத்தில் 240 கண்ணி. கீழ் வரிசைப் பூவுக்கு 8 கண்ணி, ஆக 30 பூ. ஒவ்வொரு நாலு கண்ணியையும் மூன்றாக்கிக் குறைத்தால் 180. அங்கே பூவுக்கு 6 கண்ணி, அதே 30 பூ. அடுத்து மூன்றை இரண்டாக்கினால் 120. பூவுக்கு 4 கண்ணி, அங்கேயும் 30. கடைசியில் ஐந்தை மூன்றாக்கினால் கழுத்துக்கு 72 நிற்கும். கீழே விரிந்த பூ, மேலே போகப் போக மொட்டாகச் சுருங்கும். கண்ணி குறைப்பதைப் பூவுக்குள் வைக்காமல், நடுவில் வரும் ஒற்றை நிறச் சுற்றில் வைக்க வேண்டும்.

பூவும் நிறமும் நான் வரைந்தவை. கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று குறைக்கும் அந்தக் கணக்கு எலிசபெத் ஸிம்மர்மனுடையது (1910–1999). இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். உடம்பின் கண்ணி எண்ணிக்கையை நூறு சதவீதமாக வைத்து மற்ற பாகங்களைக் கணக்கிடும் முறையை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தவர். அவர் கணக்கைக் கையால் பின்னிப் பழகாமல் என் குறிஞ்சி எப்படி வந்திருக்கும்? காப்பி என்று சொன்ன பெண்ணுக்கு இதைத்தான் சொல்ல ஆசை.

உடனே யாராவது, "அப்படியானால் அடுத்தவர் பேட்டர்னைப் பெயர் மாற்றி விற்கலாமா?" என்று வருவார்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. எழுதிய பேட்டர்னும் பூவேலைக்கு வரைந்த கட்டப் படமும் எழுதியவருடைய சொத்து. காசு கொடுத்து வாங்குங்கள், பெயரைச் சொல்லுங்கள், பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். பின்னும் நுணுக்கம் மட்டும்தான் பொது.

நேரத்தைப் பிரிக்கும் விஷயத்தில் என் வழக்கம் இது. கணக்குப் போடும் வேலை பகல் வெளிச்சத்தில், தனியாக. அந்த நாட்களில் சாயங்காலம் கையில் இருப்பது வேறொருவருடைய சாக்ஸோ குல்லாவோதான். தோள் வளையம் டிசைன் செய்யும்போது இன்னொருவருடைய தோள் வளையத்தைத் தொடவே மாட்டேன். அவர் கை என் நோட்டுக்குள் வந்துவிடும். டிசைன் எங்கேயாவது சிக்கி நின்றால் அதை ஒதுக்கிவிட்டு, நான் பின்னியே பார்க்காத கட்டமைப்பில் ஒரு பேட்டர்னைத் தேடி எடுப்பேன்.

இன்னொன்று. பேட்டர்னில் எத்தனை மீட்டர் நூல் வேண்டும் என்று போட்டிருக்கும். சொந்த டிசைனுக்கு நாமே குத்துமதிப்பாக வாங்க வேண்டும், பற்றாவிட்டால் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு கடையில் நூல் உருண்டைகளின் லேபிளை எல்லாம் பிய்த்துவிட்டுக் கூடையில் கொட்டி வைக்கிறார்கள். எவை ஒரே தடவையில் சாயம் போட்டவை என்று சொல்லும் சாய லாட் எண் தெரியாது. அக்ரிலிக்கா கம்பளியா என்றும் தெரியாது, கேட்டால் "எல்லாம் உல்லன்தான்க்கா" என்று பதில். ஒரே ஊதா என்று நம்பி வாங்கினால் வெயிலில் இரண்டு ஊதாவாகத் தெரியும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு அந்தத் துண்டுக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று கடைக்காரர்களுக்கு யார் சொல்வது? அண்ணா, தயவுசெய்து லேபிளைப் பிய்க்காதீர்கள்.